பார்த்ததை மட்டும் சொல்லும் தொம்லா

முலாம்பழக்காரர் மாமாசோலி பழத்தின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "கேட்டீங்களா தொம்லா, உள்ளே தேன் தளும்புது! தித்திப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க" என்கிறார். தொம்லா பழத்தைப் பார்க்கிறார். பிறகு மாமாசோலியைப் பார்க்கிறார். வலது கையைக் குவித்து வலது காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பழம் ஏதாவது சொல்லுமோ என்பதுபோலக் குனிகிறார். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எனக்கு வியர்க்கிறது.

"தித்திக்குமான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் இன்னும் தின்னலையே."

"சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா மத்த பழமும் வித்துப் போயிடும்."

"அதுக்குத்தான் சொல்லமாட்டேங்கிறேன்."

மாமாசோலி தலையில் அடித்துக்கொண்டு கத்தியை எடுக்கிறார். ஒரு கீற்று அறுத்துக் கொடுக்கிறார். தொம்லா மெல்லுகிறார். மர்கிலான் சந்தை முழுக்க ஒருமுறை காலியாகி மறுபடி நிரம்பும் அளவுக்கு மெல்லுகிறார். கடைசியில், "இந்தக் கீத்து தித்திக்குது" என்கிறார். இந்தக் கீற்றாம்! பழத்தின் மிச்சத்துக்கு அவர் பொறுப்பில்லையாம்.

இவர்தான் சோபித்கான் தொம்லா; தொம்லா என்றால் எங்கள் ஊரில் ஓதிக்கொடுக்கும் ஆசான். எங்கள் பேட்டையான மஹல்லாவின் பள்ளிவாசலுக்கு இமாம். பெரிய ஆலிம் என்று தாஷ்கெந்திலிருந்துகூடத் தேடி வருவார்கள். என் அக்கா மஸ்தூராவைக் கட்டியவர், ஆகையால் எனக்கு மச்சான். நான் ஹோஷிம், அதே பள்ளியில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினார். பள்ளிக்குப் போனாலும் அவர், அக்கா வீட்டுக்குப் போனாலும் அவர். தப்பிக்க வழியே இல்லை. "எவ்வளவு பெரிய மனுஷரோட இருக்கீங்க, நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க" என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். எழுதுகிறேன். அவரோடு ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போய்வந்த பிறகு படித்துப் பார்க்கட்டும்.

ஆள் நெட்டை. எண்ணி எடுத்துவிடலாம் போலத் தாடி. பஞ்சு வைத்துத் தைத்த அங்கியில் தீப்பொறி பட்ட ஓட்டைகள், அவர் கொதிகலன்காரராக இருந்த காலத்தவை. புது அங்கிகள் எத்தனையோ வந்திருக்கின்றன. எங்கள் ஊரில் மரியாதை செய்யவேண்டுமென்றால் அங்கி போர்த்துவதுதானே. அத்தனையையும் மடித்து வைத்து, வருகிறவன் போகிறவன் தோளில் போட்டுவிடுவார். அக்கா அலமாரியைப் பூட்டிப் பார்த்தாள். சாவி எங்கே என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் பண்ணி அவளும் கெட்டுப்போய்விட்டாள்.

தொலைபேசியில் யாராவது "ஹோஷிம் வீட்ல இருக்காரா?" என்று கேட்டால், "கடைசியா பார்த்தப்ப இருந்தான்" என்பார். நான் பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருப்பேன். "யாரோ இருமுறாங்க. இரு, போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று எழுந்து வருவார். கோபித்தால், "நீதான்னு பார்க்காம எப்படிச் சொல்றது?" என்பார். என் இருமல் இந்தத் தெரு நாய்களுக்குக்கூடத் தெரியும்.

மார்க்கச் சட்டம் கேட்டு வருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். "பார்த்துச் சொல்றேன்" என்பார். போய்ப் பார்ப்பார். மறுபடி வந்தால், "ஆறு பேர் ஆறு விதமாச் சொல்லியிருக்காங்க. எனக்கு இன்னும் தெளியலை" என்பார். கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் ஒரு இளம் இமாம் வந்திருக்கிறார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். எங்கள் ஜனங்களில் பாதிப் பேர் கேள்வியோடு அங்கே போய்விட்டார்கள். "உங்களுக்குத் தெரியாதா, இல்லை சொல்லப் பிடிக்கலையா?" என்று ஒருநாள் கத்தினேன். "தெரியாதுங்கிறதை நல்லாத் தெரிஞ்சுக்கத்தான் இத்தனை வருஷம் படிச்சேன் ஹோஷிம்" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

என் மகன் கல்யாணப் பேச்சில் அவர் செய்ததை என் மனைவி இன்னும் மறக்கவில்லை. பெண்ணின் தகப்பனார் பையனைப் பற்றி விசாரிக்க மஹல்லாவுக்கு வந்தார். எல்லாரையும் போல இமாமிடம் போனார். சொந்த மாமனாச்சே, இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்வார் என்று நாங்கள் ஆட்டை அறுத்துப் புலாவுக்கு அரிசி ஊறப் போட்டுவிட்டோம். தொம்லா என்ன சொன்னார் தெரியுமா? "பெரியவங்களுக்குக் கை கழுவத் தண்ணி ஊத்துவான். பார்த்திருக்கேன். மத்தது தெரியாது." அந்த மனிதர் அப்படியே வண்டியேறிப் போய்விட்டார். ஊறிய அரிசியை என்ன செய்வது? சமைத்துத் தின்றோம். தொம்லாவும் வந்து உட்கார்ந்து தின்றார். "அரிசி நல்லா வெந்திருக்கு" என்றார். தின்றுவிட்டாரல்லவா, அதனால் தெரியும்!

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. வாலிபத்தில் பகலெல்லாம் பட்டுத் தொழிற்சாலையில் பட்டுக்கூடு வேகவைக்கும் கொதிகலனுக்குத் தீ போடுவார். அந்தக் கூடு வேகும் நாற்றம் எங்கள் வீட்டு ரொட்டியில்கூட ஏறிவிடும். அங்கே கண் தெரியாத ஒரு கிழவர் காவல்காரர். காது கூர்மை என்று வேலை கொடுத்திருந்தார்கள். அவர் அந்தக் காலத்தில் புகாராவில் மார்க்கக் கல்வி ஓதியவர் என்று மேலதிகாரிகள் யாருக்கும் தெரியாது. கிழவர் மனப்பாடமாகச் சொல்வார், இவர் தீ போட்டுக்கொண்டே திருப்பிச் சொல்வார். மதமே கூடாது என்ற கட்சி ஆட்சி; ஓதுவதும் குற்றம், ஓதிக்கொடுப்பதும் குற்றம் என்றிருந்த நாட்கள். கிதாபு, புத்தகம் என்று எதையாவது வைத்திருந்தால் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே எல்லாமே தலைக்குள். இலக்கணம், ஹதீஸ், சட்டம் என்று அந்தக் கொதிகலன் முன்னாலேயே தலைக்குள் போனவை அவை.

கிழவர் மவுத்தாகி அடக்கமான பிறகு மச்சான் தன் வீட்டில் ரகசியமாகப் பாடம் நடத்த ஆரம்பித்தார். ஏழெட்டு நண்பர்கள். வெளியே பார்ப்பதற்கு எங்கள் ஊர் ஆண்கள் முறை வைத்துக் கூடிப் புலாவ் தின்கிற விருந்து. விரிப்பின் நடுவே புலாவ், திராட்சை, ஒரு வோட்கா பாட்டில், சின்னக் கிண்ணங்கள். திடீரென்று யாராவது வந்தால் குடிகாரர்கள் கூட்டம் என்று நினைத்துப் போய்விடுவார்கள். குடித்தால் அந்தக் காலத்தில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எனக்கு ஓதல் ஏறாது. ஆகவே மூலையில் உட்கார்ந்து, பாடம் வெளியே கேட்காதபடி துத்தாரின் இரண்டு கம்பிகளை மீட்டுவது என் வேலை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. மார்க்கச் சட்டத்தில் வாரிசுப் பங்கு எப்படிப் பிரிப்பது என்ற பாடம் முழுவதும் அந்த ஒரே பாட்டில்தான் நடந்தது.

வோட்கா பாட்டிலை வாங்கி வந்தவன் நான். மச்சான் என்ன செய்தார்? முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். கழுவினார். மறுபடி கழுவினார். கை ஓயும்வரை கழுவிவிட்டுப் பச்சைத் தண்ணீரை நிரப்பி விரிப்பில் வைத்தார்.

"மச்சான், யார் குடிக்கப் போறாங்க? சும்மா இருந்துட்டுப் போகட்டுமே!"

"வீட்டுக்குள்ள வேணாம்."

"மூடியிலயாவது ரெண்டு சொட்டு தடவுறேன். வாசனைக்கு."

"வேணாம்னா வேணாம்."

உலகத்தில் எந்தத் திருடனாவது வேஷம் போட்டுக்கொண்டு, அந்த வேஷத்தில் பொய் இருக்கக் கூடாது என்பானா? இவர் சொன்னார்.

ஒரு மாலை ரயிம்பெர்தி வந்தார். தொழிற்சாலையில் கட்சிக் கமிட்டி ஆள். யார் வீட்டில் யார் கூடுகிறார்கள் என்று மேலே சொல்வதுதான் அவர் வேலை. அந்த ஆட்கள் சோதனைக்கு வந்தால் பூட்ஸோடு விரிப்பின் மேலேயே நடப்பார்கள். அதுவே அவர்கள் அடையாளம். இவர் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு சத்தமில்லாமல், திருட்டுப் பூனை மாதிரி வந்து நடு அறையில் நின்றார். நான் நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. விரல் பதறித் துத்தாரின் கம்பி அறுந்துவிட்டது. அவர் உட்கார்ந்தார். பாட்டிலை எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றினார். ஒரே மடக்கு. கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நல்ல தண்ணி" என்றார். எழுந்து போனார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பச்சைத் தண்ணீரைச் சுற்றி ஏழெட்டு ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்தால் அவர்கள் முல்லாக்கள் இல்லாமல் வேறு யார்? அடுத்த வாரமே வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் பெயரைக் கேட்டதற்கு மச்சான், "விருந்துக்கு வந்தாங்க, புலாவ் தின்னாங்க. பார்த்தேன்" என்று மட்டும் சொன்னாராம். ஆகவே அவர் மட்டும் போனார். இரண்டு வருஷம் கல்குவாரி. பாறைக்கு வெடி வைக்கிற இடத்தில் நிறுத்தி வலது காது போய்விட்டது. அந்த இரண்டு வருஷமும் அவர் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு என் அக்கா போய்ச் சுடுதண்ணீரில் பட்டுக்கூடு அள்ளினாள். அவள் விரல் நுனிகள் உரிந்து உரிந்து கடைசியில் ரேகையே இல்லாமல் போயின. ஒரு பாட்டில் வோட்கா அந்த வீட்டில் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. இதை நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கையைக் குவித்து அந்தச் செத்த காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கேட்காதவர் மாதிரி நிற்பார். நல்ல காது எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். பழக்கமாம்.

காலம் மாறியது. பஞ்சு மூட்டை அடுக்கி வைத்திருந்த எங்கள் பள்ளிவாசலைத் திருப்பிக் கொடுத்தார்கள். மஹல்லாவே போய் இவரை இமாமாக இருக்கச் சொன்னது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். நான் பாங்கு சொல்வேன், ஜனங்கள் வந்து வரிசையில் நிற்பார்கள், முன்னால் போக ஆள் இருக்காது, ஒருவர் முதுகை ஒருவர் தள்ளிக்கொண்டிருப்போம். இவர் கடைசி வரிசையில் நின்று யோசித்துக்கொண்டிருப்பார். பிறகு சம்மதித்துத் தலைநகரத்துக்குப் பரீட்சைக்குப் போனார். பரீட்சை வைத்தவர்கள் ஒரு சட்டம் கேட்டார்களாம். "மூணு அபிப்பிராயம் இருக்கு. உங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டிருக்கிறார். தேறினார், கடைசி ஆளாக.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். இறந்தவரின் மய்யித்தை முற்றத்தில் வைத்து, ஜனாஸாத் தொழுகைக்கு எல்லாரும் வரிசையில் நின்றதும் இமாம் திரும்பி ஜனங்களைக் கேட்பார்: "இவர் எப்படிப்பட்ட மனுஷர்?" எல்லாரும் ஒரே குரலில், "நல்ல மனுஷர்!" என்போம். முடிந்தது. திருடனோ தர்மவானோ, அந்தக் கடைசிச் சாட்சியைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். யாருக்கு என்ன நஷ்டம்?

இவர் அதிலும் கை வைத்தார். ஒரு ஜனாஸாவில் எல்லாரும் "நல்ல மனுஷர்" என்று கத்தியதும், "பார்த்தீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் முழித்தோம். "நல்லதுன்னு எதைப் பார்த்தீங்க? யாராவது ஒருத்தர் ஒண்ணு சொல்லுங்க." அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் இதுதான் முறை. யாராவது ஒருவர் தான் கண்ணால் பார்த்த ஒரு நல்லதைச் சொல்லவேண்டும். பிறகுதான் எல்லாரும் நல்ல மனுஷர் என்று சொல்லலாம். அதுவரை தொழுகைக்குக் கை தூக்கமாட்டார். குடும்பத்தார் சொன்னால் செல்லாது. இது எந்தக் கிதாபில் இருக்கிறது என்று சண்டைக்குப் போனேன். "கிதாபுல இப்படிக் கேக்கச் சொல்லவே இல்ல. வழக்கம்னு நீங்கதான் கேக்கச் சொல்றீங்க. கேட்டா, பதில் உண்மையா இருக்கணும்ல?" என்றார்.

வெயிலில் நின்று யோசித்து யோசித்து எங்கள் மண்டை காய்ந்தது. "வாய்க்கால் தண்ணி முறையில என் முறைய எடுத்ததில்ல" என்று ஒருவருக்குக் கிடைத்தது. கஞ்சன் துர்சுன்பாய்க்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. வரிசை முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர், "நாய் குரைச்சா எழுந்து வந்து அதட்டுவார். எங்களுக்குத் தூக்கம் கெடாம" என்றார். தொம்லாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. துர்சுன்பாய் நாயால் கரையேறினார். ஆனால் தொம்லா மட்டும் எந்த ஜனாஸாவிலும் சாட்சி சொன்னதில்லை. "நான் கேக்குறவன். கேக்குறவன் சாட்சி சொல்லக்கூடாது" என்பார்.

ரயிம்பெர்திக்கும் வயதானது. கட்சி போயிற்று, பதவி போயிற்று, மனைவி போனாள். எங்கள் தெருவிலேயேதான் இருந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. யாரும் பேசவும் இல்லை. அக்கா அவர் வீட்டு வாசலைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் போய்விடுவாள். அவர் பள்ளிக்குள் காலெடுத்து வைத்ததே கிடையாது. விடியற்காலையில் ரொட்டி வாங்கப் போகும்போது மட்டும் எங்கள் பள்ளியின் வாசல் வழியாகப் போவார். வாசலை ஒட்டி, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்கிற இடத்துக் குழாய் ஒன்று சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். நின்று, கையை நீட்டி, அதை இறுக்கித் திருகிவிட்டுப் போவார். தினமும். பாங்கு சொல்லப் போகிறபோது நான் மாடத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதற்கென்ன இப்போது? "குழாயை யாரோ இறுக்கி மூடுறாங்களே, நீ பார்த்தியா?" என்று மச்சான் ஒருநாள் கேட்டார். "எனக்கு வேலை இருக்கு மச்சான்" என்று நகர்ந்துவிட்டேன்.

போன மாதம், மல்பெரி பழுத்து உதிர்கிற சமயத்தில், ரயிம்பெர்தி இறந்துபோனார். அவர் மகன் இனோம் காலையிலேயே தொம்லா வீட்டுக்கு வந்தான். தரையில் கல் பதிக்கிற வேலை அவனுக்கு. வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அங்கிக்கு மேல் இடுப்பில் துக்கத் துண்டு கட்டியிருந்தான்.

"அத்தாவைக் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்குத் தூக்கிட்டுப் போயிடறோம் தொம்லா. இங்க வச்சா உங்க வழக்கப்படி கேப்பீங்க. யாரும் வாய் திறக்கமாட்டாங்க. அவர் சந்தூக்கை நடுவுல வச்சுக்கிட்டு அந்த அவமானத்தை என்னால தாங்க முடியாது."

"அதுதான் எல்லாருக்கும் நல்லது தம்பி" என்றேன் நான், மச்சான் வாயைத் திறப்பதற்குள்.

மச்சான் கையைக் காதுக்கு வைத்தார். "உங்க அத்தா எந்த மஹல்லா?"

"இதே மஹல்லாதான்."

"அப்ப இங்கதான். லுஹர் தொழுகைக்குக் கொண்டு வா."

அவன் போனதும் அக்கா உள்ளேயிருந்து வந்தாள். தலைப்பாகைத் துணியை எப்போதும்போல அவர் தலையில் தானே சுற்றினாள். ரேகையில்லாத அந்த விரல்களால் நுனியைச் செருகினாள். "தொழ வைங்க. அது உங்க வேலை. ஆனா அந்த ரயிம்பெர்தி நல்லவன்னு பொய்யா ஒரு வார்த்தை அங்க விழுந்தா எனக்கு இனிமே சோறு இறங்காது. நீங்க எதுக்கும் பொய் சொன்னதில்ல. இவனுக்காகச் சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன்" என்றார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது. சொல்லமாட்டேன் என்றால் சொல்லமாட்டார்.

மதியத் தொழுகை லுஹர் முடிந்தது. முற்றத்து மல்பெரி மரத்தடியில், உடலைக் கிடத்திய சந்தூக்கை வைத்தார்கள். மஹல்லா முழுக்க வந்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் பாதி, தொம்லா என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க வந்தவர்கள் பாதி. காலடியில் பழங்கள் நசுங்கி எல்லார் செருப்பும் கறுப்பாகிவிட்டது. முன்வரிசை ஓரத்தில் இனோம், தன் பெருவிரலையே பார்த்தபடி நின்றான். தொம்லா திரும்பினார்.

"இவர் எப்படிப்பட்ட மனுஷர்?"

மரத்திலிருந்து பழம் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி கேட்டார். மாமாசோலி வானத்தைப் பார்த்தார். யாரோ செருமினார்கள். எல்லார் தலையும் ஒன்றாகத் திரும்பியது, என்னைப் பார்க்க. நான் வாயைத் திறப்பேனா? உள்ளுக்குள் எனக்கு மனசு குளிர்ந்தது, மறைக்காமல் சொல்கிறேன். கொஞ்சம் நிற்கட்டும் என்று நினைத்தேன். என் அக்கா எத்தனை நாள் நின்றாள்! மூன்றாம் தடவையும் கேட்டார். இனோமின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அப்போதுதான் எனக்கே பொறுக்கவில்லை. போய் அவருடைய நல்ல காதில் சொன்னேன்.

"மச்சான், போதும். தொழ வச்சிடுங்க. பாவம், பையன். கேள்வி கிதாபுலயே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கேட்டுட்டேனே ஹோஷிம். கேட்டுட்டு எப்படி விடறது?"

"அப்ப பொழுது சாஞ்சு மக்ரிபு வரைக்கும் நிப்போமா? ஏன் இப்படி எல்லார் உயிரையும் வாங்குறீங்க!"

"நீ இங்க நில்லு" என்றார். என் தோளைப் பிடித்துத் தன் இடத்தில் நிறுத்தினார். "நீ கேளு."

"நானா?"

"கேக்குறவன் சாட்சி சொல்லக்கூடாது."

சொல்லிவிட்டு இறங்கிப் போய் இனோமின் பக்கத்தில், வரிசையில் நின்றுகொண்டார். தினம் ஐந்து வேளை தெருவே கேட்கப் பாங்கு சொல்கிற தொண்டை எனக்கு. அன்றைக்குக் கீச்சென்று உடைந்தது. "இவர்... இவர் எப்படிப்பட்ட மனுஷர்?"

தொம்லா அவசரப்படவில்லை. அவர் எப்போது அவசரப்பட்டார்!

"பார்த்ததைச் சொல்றேன்" என்றார். "எங்க வீட்டுக்கு ஒரே ஒரு தடவை வந்தார். எதுக்கு வந்தார்னு உங்க எல்லாருக்கும் தெரியும். என் பொண்ணு அப்ப கைக்குழந்தை. மூணு நாளாக் காய்ச்சல். அப்பத்தான் கண்ணசந்து வாசப்படிக்குப் பக்கத்துல தூங்கிட்டிருந்தா. இவர் பூட்ஸைக் கழட்டிக் கையில எடுத்துட்டு வந்தார்."

என்னால் அடக்க முடியவில்லை. சந்தூக்கின் முன்னால் நின்றுகொண்டு கத்திவிட்டேன். "அது நமக்குச் சத்தம் கேக்காம வந்து பிடிக்கிறதுக்கு!"

"இருக்கலாம்" என்றார். "வரும்போது எதுக்குக் கழட்டினார்னு எனக்குத் தெரியாது. ஆனா போகும்போது? தண்ணியைக் குடிச்சுப் பார்த்துட்டார். அவர் வந்தது நமக்கும் தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மேல ஒளிய என்ன இருக்கு? அப்பவும் பூட்ஸைக் கையிலதான் எடுத்துட்டுப் போனார். பொண்ணைத் தாண்டுறப்ப நுனிக்கால்ல போனார். வெளியில தெருச் சேத்துல நின்னு மாட்டினார். நீயும்தானே பார்த்தே. பொண்ணு முழிக்கலை. விடியற வரைக்கும் தூங்கினா. காய்ச்சல் விட்டுடுச்சு."

பார்த்தேன்தான். அறுந்த கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சேற்றில் ஒற்றைக் காலில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, பூட்ஸை மாட்டினார். இந்தக் கதையை நான் சொல்லாத ஆளில்லை. வரும்போது கழற்றிய பூட்ஸோடு நிறுத்திவிடுவேன். மேலே நீங்கள் படித்ததும் அப்படித்தான்.

இரண்டு வருஷம் கல் சுமந்த மனிதர். ஒரு காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். அத்தனையிலும் இவர் கணக்காக எடுத்து வைத்துக்கொண்டது அந்தப் பூட்ஸை. யா அல்லாஹ், இப்படி ஒரு மனுஷனா!

வரிசையில் ஒரு செருமல். மாமாசோலி. "ரொட்டி வரிசையில நிப்பார்" என்றார் தரையைப் பார்த்து. "அந்தக் காலத்துல அவர் நேரா முன்னாடி போகலாம். யார் கேப்பா? போனதில்ல. எங்க அம்மாவுக்குப் பின்னாடி நின்னிருக்கார்."

"நல்ல மனுஷர்" என்று பின்னாலிருந்து யாரோ மெல்லச் சொன்னார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குரல்கள் வந்தன. கத்தவில்லை யாரும். ஆனால் சொன்னார்கள். இனோம் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. தொம்லா முன்னால் வந்தார். நான் விட்டால் போதும் என்று நழுவி முதல் வரிசையில் என் இடத்துக்குப் போய் நின்று தோளை ஒட்டிக்கொண்டேன். இனித் திரும்பிக் கை தூக்கவேண்டியதுதான். தூக்கவில்லை. மேற்கே திரும்பவே இல்லை. ஜனங்களைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் ஜனங்களை விட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன மச்சான் இன்னும்?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "அதான் சொல்லியாச்சே!"

"இப்ப நீ கேக்குறவன் இல்லையே ஹோஷிம்" என்றார்.

முற்றத்தின் வாசலோர மூலையில் ஒளுச் செய்கிற குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அன்று காலையில் அதை யாரும் மூடவில்லை. தொம்லா வலது கையைக் குவித்து, குவாரியில் போன அந்தக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, என் பக்கமாகக் குனிந்து நின்றார்.